வாய்ப்பூட்டும் நால்வகை வாக்கும்

ஆணவம் நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் உயிர்க்குக் கூட்டிய கருவிகளுள் வாக்கும் ஒன்று. அதனைப் பிறர் பூட்டுதல் அறமாகுமோ?

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், வாயாடிகளெனப் பழிக்கப்பட்ட மகளிர் தலையில் இரும்புக் கடிவாளம் மாட்டி, அதன் தகட்டால் நாவை அழுத்திப் பலர் காண நிறுத்தினர். 1655-இல் கார்லைல் நகரச் சந்தையிற் சமயம் பேசிய டாரதி வா என்னும் குவேக்கர் சமய அம்மையார்க்கும் நகரத் தலைவன் அதனைப் பூட்டுவித்தான். அவர் உரைத்த வரலாறோ 1656-இல் அச்சேறியது.

சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்காம். இரும்பு தடுப்பது செவிப்புலனாகும் வைகரியொன்றனையே. ஏனைய மூன்றும் அதற்கு எட்டா. கடுஞ்சொல் குற்றமேயெனினும், அதனைத் திருத்துவது அறிவுரையேயன்றி இரும்பன்று. பிறர் நாவைப் பூட்ட விரைந்தார் தம் ஆணவத்தையே வளர்த்தாரென்க.