தோட்டா பிரஸ்ஸும் பாவோபதேசமும்

கேட்டவனுக்கு யோசனை சொல்வதிலும் பாவம் உண்டு என்பது எங்கள் சமண சமயத்தின் கணக்கு. சமந்தபத்திரர் இல்லறத்தாருக்காக எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், வீணாகச் செய்யும் தீங்குகளுக்கு அனர்த்த தண்டம் என்று பெயர். அவை ஐந்து. முதலாவது பாவோபதேசம், தீங்குக்கு வழி சொல்வது. இரண்டாவது இம்சாதானம், தீங்குக்குக் கருவி கொடுப்பது. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது. தாத்தா இதையெல்லாம் அருங்கலச்செப்பு என்ற தமிழ் நூல் வழியாகச் சொல்லிக் கொடுத்தார். அம்பத்தூரில் டூல் ரூமில் டை செய்து பிழைத்த காலம் முழுக்க இந்த இரண்டும் எனக்குக் குறுக்கே வந்ததில்லை. அரிசோனாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் வந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். பாயிண்ட் 38 ஸ்பெஷல் ரிவால்வர் வைத்திருக்கிறார். வாரக் கடைசியில் போய்க் காகிதக் குறியைச் சுடுவார். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளப் போகிறேன், நீங்கள் பிரஸ் தெரிந்தவர், எதை வாங்கலாம் என்று கேட்டார். அந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய மத்திய அரசு லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் வேண்டும். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் செய்தாலே குற்றம்.

தொழில் புத்தி முதலில் முந்திக்கொண்டது. அவர் காட்டிய படங்களில் சில பிரஸ்கள் ஒரு பக்கம் திறந்தவை. அழுத்தம் ஏறினால் அந்த வாய் மயிரிழை விரியும். மூடிய சட்டம் அசையாது. டை மாட்டும் துளை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. அநேகமாக எல்லாக் கம்பெனிக்கும் அதே அளவு. மேலும் கீழும் நகரும் ராம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். இதிலெல்லாம் தர்ம விசாரம் ஒன்றுமில்லை. ஒற்றை நிலை பிரஸ்ஸா, புரோகிரெஸிவா என்று அவர் கேட்ட இடத்தில்தான் நான் நின்றேன்.

ஒற்றை நிலையில் ஒரு நேரத்தில் ஒரு டைதான். எல்லாத் தோட்டாக் கூட்டுக்கும் ஒரு வேலையை முடித்துவிட்டு, டையை மாற்றி அடுத்த வேலை. மருந்து போட்ட கூடுகள் மரப் பலகைக் குழிகளில் வரிசையாக நிற்கும். டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்க்கலாம். புரோகிரெஸிவில் ஒரு தட்டு சுற்றும், எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா பெட்டியில் விழும். சில மாடல்களில் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். பேச்சுக் குரல் கேட்டுத் தலை திரும்பி, திருப்ப மறந்து மறுபடி இழுத்தால் ஒரே கூட்டில் இரண்டு தரம் மருந்து. பாயிண்ட் 38 கூடு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருமருந்துக்காக வகுத்த பெரிய கூடு. இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான்: குண்டு குழாய்க்குள் சிக்கும், அடுத்த தோட்டா அதன் முதுகில் மோதும். இரண்டிலும் துப்பாக்கி சுடுபவர் கையிலேயே வெடிக்கலாம்.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர் போவதை மட்டும் இம்சை என்று சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு, அதாவது விழிப்புக் கெட்ட மனத்தோடு, செய்த செயலால் உயிர் போவது இம்சை என்கிறது. படித்த காலத்தில் அதை வழுக்கலான விளக்கம் என்று நினைத்தேன். கவனமாகக் கொன்றால் இம்சை இல்லையா என்று தாத்தாவிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆசையும் கோபமும்கூடப் பிரமாதம்தானடா என்றார். அந்தப் பலகையை நினைத்துப் பார்த்தபோது சூத்திரத்தின் கூர்மை பிடிபட்டது. வேகமான பிரஸ் கெட்டது என்று சொல்லவில்லை. கவனமுள்ளவன் அதிலும் பத்திரமாகச் செய்வான். ஆனால் அது கண்ணின் வேலையைத் தான் வாங்கிக்கொள்கிறது. அவருக்கோ அவசரமே இல்லை. ஒற்றை நிலை, மூடிய சட்டம், வார்ப்பிரும்பு என்று சொல்லிவிட்டேன்.

வந்தவாசியில் இருக்கும் மைத்துனனுக்கு இது ஆகவில்லை. "மாமா, பூச்சி விழும்னு பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பிடறவங்க நாம. தோட்டா மிஷினுக்கு யோசனை சொன்னா அது பாவோபதேசம் இல்லாம வேற என்ன?" என்றான். நியாயமான கேள்வி. காகிதத்தைத்தானே சுடுகிறார் என்பது பதிலாகாது. இரவில் அதே துப்பாக்கி அவர் படுக்கையருகே இருக்கிறது. தற்காப்புக்கான விரோதி இம்சையை இல்லறத்தான் முழுதும் விட வேண்டியதில்லை என்ற சலுகையைக் காட்டலாம். அது அவர் கணக்குக்கு உதவும், என் கணக்குக்கு உதவாது.

என் தீர்ப்பு இது. துப்பாக்கியும் தோட்டா செய்யும் முடிவும் எனக்கு முன்பே அவரிடம் இருந்தன. என் சொல் அதில் விழிப்பை மட்டும் கூட்டியது. ஆகவே அது பாவோபதேசம் அல்ல. பிரஸ்ஸுக்கு நீளமான கைப்பிடி ஒன்று கடைந்து தர முடியுமா என்று பிறகு கேட்டார். மறுத்துவிட்டேன், அது இம்சாதானம். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன்.