அதிபத்தர் கடலில் விட்ட மீன்

இன்று ஆவணி ஆயிலியம். அதிபத்த நாயனாரின் குருபூசை நாள். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராக இருந்தவர். அறுபத்துமூவரில் வலை வீசிப் பிழைத்தவர் அவர். திருகோணமலைக் கோணேசர் காலடியில், கொட்டியாரக் குடாவில் தொழில் செய்கிற உங்களுக்கு அவர் நெருங்கிய சொந்தம்.

வலையில் ஏறிய மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று தினமும் கடலிலேயே விடுவது அவருடைய நியமம். நிறையப் படுகிற காலத்தில் அது பெரிய காரியமில்லை. பிறகு பாடு குறைந்தது. நாள் முழுக்க வலை போட்டும் ஒரே மீன். அந்த ஒன்றையும் விட்டார். வீட்டில் உலை ஏறவில்லை. சுற்றத்தார் பசியில் வாடினார்கள். மறுநாளும் ஒன்று, அதையும் விட்டார். கடைசியில் பொன்னும் நவமணியுமாய் ஒரு மீன் வந்ததென்றும், அதையும் விட்டாரென்றும் சேக்கிழார் பெருமான் பாடுகிறார்.

ஏன் கடலில் விட வேண்டும்? கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே? பொன்மீனை விற்றுக் கோபுரமே கட்டியிருக்கலாமே? ஆண்டவனுடைய பங்கு கடலிலேயே இருக்கட்டும் என்று அவர் நினைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தப் பங்கைத்தான் மீன் பிடிக்கப் போடுகிற டைனமைட் பறிக்கிறது. நம் திருகோணமலைக் கடலுக்கு இந்தப் பழி உண்டு, மறைக்க வேண்டாம். வெடித்தவுடன் மீனின் காற்றுப்பை கிழிகிறது. மிதப்பதை அள்ளுகிறீர்கள், அடியில் தாழ்ந்து அழுகுவதை யார் கண்டது? குஞ்சும் முட்டையும் சேர்ந்து அழிகின்றன, முருகைக்கல் நொறுங்குகிறது. திரி சற்று முந்தினால் போட்டவன் கையே போகிறது. 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டம் இதைத் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது சிவத்துரோகம்தான்.

கந்தளாய்க்குளத்துப் பக்கமிருந்து வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோணேசர் திருப்பணிக்காகக் குளக்கோட்டு மன்னன் கட்டிய குளம் என்பது நம் மரபு. இந்த வெயிலில் தண்ணீர் இறங்கி, மிஞ்சிய நீரில் திலாப்பியா ஒதுங்கி நிற்கும். சின்னக்கண் வலையை வளைத்தால் ஒரே நாளில் வாரிவிடலாம். ஆனால் மாரியில் குளம் நிரம்பும்போது பெருக வேண்டிய விதைநெல் அதுதான். சின்னக்கண் வலையை வீட்டிலேயே விடுங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் போடாதீர்கள். கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு சாகின்றன.

குளம்தானே என்று அலட்சியமும் வேண்டாம். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க்குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. துருசடியில் இறங்கித் தூண்டில் போடுகிற பிள்ளைகளைப் பெரியவர்கள் கண்டால் கூப்பிட்டு ஏற்றுங்கள். பின்னேர இடி முழங்கினால் வள்ளத்தைக் கரைக்குத் திருப்புங்கள். தெய்வம் காக்கும் என்று சொல்லிக்கொண்டு உயிர்காப்பு அங்கியைக் கழற்றி அணியத்தில் போடுவது பக்தி ஆகாது. கொடுத்த உடம்பைப் பேணுவதும் அவனுக்குச் செய்கிற தொண்டுதான்.

இப்போது கடல் அமைதி. ஐப்பசி கடந்தால் வாடை எழும்பும். அதற்கு முன் உங்கள் வள்ளத்தில் ஆளுக்கொரு அங்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். நாளைக்கு வலையில் சினை நண்டு ஏறினால், அதிபத்தரை நினைத்து, உயிரோடு இருக்கும்போதே தண்ணீரில் விடுங்கள்.