வேனில் மழையும் வினைப்பயனும்

மக்கள் படும் துன்பங்கள் யாவும் முற்பிறப்பில் செய்த வினையின் பயனே என்னும் கொள்கை நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இதனைப் பகவான் புத்தர் ஏற்றனரா என்று ஆராய்வது, தம்மத்தைப் புதிதாகத் தழுவிய நமக்கு இன்றியமையாத கடமையாகும். ஏட்டை மட்டும் பார்த்து ஆராயாமல், உழவர் வாழ்க்கையையும் அருகில் வைத்து ஆராய்வோம்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களைச் சார்ந்த எல்லையோரச் சிற்றூர்கள் பல உள்ளன. 1956 நவம்பர் 1 ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் பங்குனி, சித்திரை என்பர். இப்பால் மீனம், மேடம் என்பர். பெயர் வேறாயினும் வெயிலும் மழையும் இரு பாலார்க்கும் ஒன்றே.

ஓணத்துக்குக் குலை வெட்டலாம் என்று எண்ணி, கடன் வாங்கி ஏத்தன் வாழை வைத்தவன் அம்மாதங்களில் அஞ்சியே உறங்குவான். பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் மலைப்பக்கம் கறுத்து, இடியுடன் காற்றுமழை இறங்கும். குலை தள்ளிய வாழை அரை நாழிகையில் இடுப்பொடிந்து கிடக்கும். மறுநாட்காலை பட்டை நனைந்திருப்பதால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட இயலாது. அன்றைய கூலி போயிற்று. மின்சாரம் இராது, மண்பாதை சேறாகும், பேருந்தைத் தவறவிட்ட பிள்ளை பள்ளிக்குப் பிந்திச் செல்வான். பெருந்துன்பம் ஒன்று, அதனைச் சுற்றிச் சிறு தொல்லைகள் பத்து.

அப்போது அண்டை வீட்டார் ஆறுதல் சொல்ல வருவர். "எல்லாம் தலையெழுத்து" என்பார் ஒருவர். "குலதெய்வத்தைக் கைவிட்டீர்கள் அல்லவா?" என்பார் மற்றொருவர். புத்த நெறி தழுவிய குடும்பமாயின் இவ்விரண்டாம் சொல் வாழை ஒடிந்ததினும் மிகுதியாக வலிக்கும். ஆனால் அதே மழையின் ஈரத்தில் அடுத்த புரையிடத்துக்காரர் மரச்சீனிக் கம்பு நட்டு மகிழ்வதை அவர்கள் காண்பதில்லை. ஒரே மழை ஒருவர்க்குத் தண்டனையும் மற்றவர்க்குப் பரிசுமாக எண்ணி வழங்கப்படுகின்றதோ? மழை யாருடைய கணக்கையும் பார்த்துப் பெய்வதில்லை.

இக்கேள்வியைச் சீவகன் என்னும் துறவி பகவானிடமே கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. இன்பமும் துன்பமும் யாவும் பழவினையால் வருவன என்போரைப் பற்றித் தாங்கள் யாது கருதுகின்றீர் என்பது அவர் வினா. பித்தம், கபம், வாயு, இம்மூன்றின் சேர்க்கை, பருவமாற்றம், முறைகெட்ட பேணுதல், பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் எடுத்துரைத்தார். யாவும் பழவினையே என்போர் கண்கூடாக அறிந்ததையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் மீறுகின்றனர் என்றும் விளக்கினார். வினைப்பயன் எட்டில் ஒன்றே; பருவமாற்றம் அதனின் வேறாகத் தனியே எண்ணப்பட்டது என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதனால் நாம் பெறும் படிப்பினை யாது? துன்பம் வந்தால் முதலில் அதன் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். காற்று பருவத்தின் செயல். அதனோடு சினந்து பயனில்லை. வாழைக்கு முட்டுக் கொடாதிருந்தது பேணுதலின் குறை. அடுத்த ஆண்டு காலத்தே கம்பு நட்டுக் கயிறு கட்டலாம். மூன்றாவது, மனிதரால் வரும் துன்பம். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004 இல் நின்றதற்கு மேகமும் காரணமன்று, முற்பிறப்பும் காரணமன்று. அது இரு மாநிலங்களின் வழக்கு; 2012 இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடிற்று. வழக்கால் தீர வேண்டியதை விதியென்று சொல்லி வாளாவிருத்தல் பொறுமையாகாது; அது மயக்கம்.

இந்த மண்ணே இதற்குச் சான்று தந்துள்ளது. 1863 இல் வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி பௌத்தர் அல்லர். எனினும், தம் மக்களுக்குப் பொதுச்சாலை மறுக்கப்பட்டதை வினைப்பயன் என்று அவர் ஒப்பவில்லை. 1893 இல் மாட்டுவண்டியேறி அச்சாலையில் சென்றார். 1907 இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறவாவிடில் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். மனிதர் கட்டிய வேலியை மனிதர் அவிழ்க்கலாம் என்பதை அவர் செயலில் காட்டினார்.

காரணத்தை அறிந்து செய்வன செய்தபின்னும் நெஞ்சு எரிகின்றதே, அதற்கு வழி யாது எனின், அதுவும் நூலில் உண்டு. அறியாதவன் ஓர் அம்பு பட்டபின் இரண்டாம் அம்பும் பட்டவனைப் போல்வான் என்று பகவான் உவமை கூறினார். ஒடிந்த வாழை முதலம்பு. அன்றிரவு மனைவியிடம் சீறுவதும், பிந்தி வந்த பிள்ளையை அடிப்பதும், அடுத்த வீட்டார் மரச்சீனியைக் கண்டு பொறாமையால் வேகுவதும் இரண்டாம் அம்பு. முதலம்பைக் காற்று எய்தது. இரண்டாவதை நாமே எய்துகொள்கின்றோம். சிறு தொல்லைகளே இதற்குப் பயிற்சிக்களம். பேருந்து தவறிய காலையில் நாவை அடக்கக் கல்லாதவன், வாழைத்தோட்டம் வீழ்ந்த மாலையில் மனத்தை அடக்குவது எங்ஙனம்?

பகவானும் பருவத்தின் கடுமையை அறியாதவர் அல்லர். ஆளவி நகரின் அருகே, பனி வீழும் காலத்தில், மாடுகள் மிதித்து இறுகிய நிலத்தில் இலைகளைப் பரப்பி அவர் தங்கியிருந்ததை அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. நன்றாக உறங்கினீரோ என்று அத்தகன் கேட்டபோது, நன்றாக உறங்குவோரில் தாமும் ஒருவர் என்றார். காற்றுப் புகாத மாளிகையில் மெத்தைமேல் கிடப்பவன் ஆசையாலும் சினத்தாலும் மயக்கத்தாலும் வெந்தால் அவனுக்கு உறக்கம் ஏது என்று திருப்பிக் கேட்டார். குளிர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. குளிரை உள்ளத்துக்குள் விடவில்லை.

ஆகவே அன்பர்களே, அடுத்த காற்றுமழைக்குப் பின் நம் வீட்டிற்கு ஆறுதல் சொல்ல வருவோரை முகங்கடுத்து அனுப்பவேண்டா. திண்ணையில் இருத்தி, தேநீர் கொடுத்து, "இது பருவத்தால் வந்தது, எங்கள் பாவத்தால் வந்ததன்று" என்று அமைதியாகச் சொல்வோம். பின்னர், அவர் வாழை வீழ்ந்திருந்தால் அதனை நிமிர்த்த அவரோடு செல்வோம்.