ஒளியும் அதை ஏற்கும் பக்குவமும்

இறைவனின் அருள் எல்லா உயிர்கள் மீதும் ஒன்றுபோலப் பொழிகிறது என்றால், அதைப் பெறுவதில் உயிர்களுக்கிடையே வேறுபாடு ஏன் என்ற கேள்வி, தமிழ்ச் சமயச் சிந்தனையில் மிகப் பழமையானது. அருள் பாரபட்சம் உடையது என்றால் இறைவனின் நடுநிலை கெடுகிறது; வேறுபாடு முழுவதும் உயிரின் தகுதியைப் பொறுத்தது என்றால் அருளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. இந்த இரு முனைகளுக்கும் நடுவே வழி தேடிய சைவ சித்தாந்தம், சூரியனைத் தன் முதன்மையான உவமைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அதே சூரியனிடமிருந்து மின்சாரம் பெற்றுச் சேமிக்கும் லித்தியம் மின்கலம் கடுங்குளிரில் நடந்துகொள்ளும் முறை, அந்தப் பழைய கேள்வியைப் புதிய கூர்மையுடன் எழுப்புவதோடு, அதற்கான விடையின் ஒரு பகுதியையும் தெளிவாக்குகிறது.

புதுச்சேரி நகரின் வடமேற்கில், திண்டிவனம் சாலையில், செம்மண் மேட்டு நிலமாக அமைந்த கோரிமேட்டில் மின்கலத்துக்குக் குளிரால் நேரும் சிக்கல் நேரடியாக எழுவதில்லை. அங்கே மார்கழி இரவுகளில்கூடப் பொதுவாக வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பதால், மின்கலத்துக்குப் பகை கோடை வெயில்தானே தவிரக் குளிர் அன்று. ஆனால் கூரையில் சூரியத் தகடுகளும் உள்ளே படுக்கையும் சமையலிடமும் கொண்ட பயண ஊர்தி ஒன்று அங்கிருந்து புறப்பட்டு, டிசம்பர், ஜனவரியில் உறைபனி படரும் உதகையின் தலைக்குந்தா வெளியிலோ, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரிலோ இரவைக் கழித்தால், மறுநாள் காலையில் இந்தச் சிக்கலைச் சந்திக்க நேரும்.

இவ்வகை ஊர்திகளில் இன்று பெரிதும் இடம்பெறுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம். அதன் அடிப்படையை அக்ஷய பதி, நஞ்சுண்டசாமி ஆகிய இந்திய ஆய்வாளர்களும் பின்னர் 2019-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்எனஃபும் இணைந்து 1997-இல் வெளியிட்டனர். மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற லித்தியம் அணுக்கள், ஒரு மின்வாயிலிருந்து கிளம்பி, எதிர்ப்புறத்திலுள்ள கிராஃபைட் என்னும் கரிப்பொருளின் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து தங்குகின்றன. உறைநிலைக்குக் கீழே இந்த நுழைவு மிகவும் மந்தமாகிவிடுவதால், வந்து சேரும் அயனிகளுக்கு உள்ளே செல்ல வழியில்லாமல் அவை கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகின்றன. அப்படிப் படிந்த லித்தியத்தின் பெரும்பகுதி மீண்டும் பயன்படாததால் மின்கலத்தின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்தால் குறுக்குச்சுற்றும் ஏற்படலாம். ஆகவேதான் இம்மின்கலத்தை உருவாக்குவோர், சுமார் −20 டிகிரி வரை அதிலிருந்து மின்சாரம் எடுக்க இசைகின்றனர். 0 டிகிரிக்குக் கீழே அதனுள் மின்சாரம் செலுத்துவதற்கோ இசைவதில்லை. குளிரில் அதனால் கொடுக்க முடிகிறது, பெற முடிவதில்லை.

சூரியத் தகட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தகடு குளிரக் குளிர அதன் மின்னழுத்தம் உயர்கிறது. அதன் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால், அதே ஒளிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு கூடுதலான மின்திறனை அது தருகிறது. எனவே மேகமற்ற பனிக்காலக் காலையில் கொடுப்பது தன் முழு வலிமையுடன் நிற்கும் அதே வேளையில், பெறுவது தன் இயலாமையின் உச்சத்தில் இருக்கிறது. பெறாமைக்குக் காரணம் கொடையின் குறைவு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இயற்கை நிகழ்வு அரிது.

சித்தாந்தம் இந்நிலையை உயிரின் தளத்தில் ஆராய்ந்தது. கோரிமேட்டிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் சென்று திரும்பக்கூடிய திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் அமைத்த நெறியின்படி, உயிரை அநாதியாகவே ஆணவம் என்னும் அறியாமைப் பிணிப்பு மூடியிருக்கிறது. அப்பிணிப்பின் வலிமை தளர்ந்து நீங்கும் நிலைக்கு வருவதை மலபரிபாகம் என்றும், அந்நிலையில் அருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்றும் சித்தாந்திகள் வழங்கினர். அந்தப் பதிவு எல்லோருக்கும் ஒரே அளவில் நிகழாமல், மிக மெல்லியதிலிருந்து மிகத் தீவிரமானது வரை நான்கு படிகளில் அமைகிறது என்றும் வகுத்தனர். ஒரே கதிரவன் முன் ஒரு தாமரை மலர, இன்னொன்று மலரும் நிலையை எய்த, மற்றொன்று வாடுவதற்குக் கதிரவனிடம் விருப்பு வெறுப்பு காரணமன்று என்பது அவர்கள் அடிக்கடி காட்டிய உவமை.

ஆனால் சித்தாந்தம் இதோடு நின்றிருந்தால், அருள் தன்பாட்டில் பொழிந்துகொண்டிருக்க, உயிர் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதாகாது. அதன் ஆழம் மறைத்தல் பற்றிய கொள்கையில்தான் வெளிப்படுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில்களுள் மறைத்தலைச் செய்வது திரோதான சக்தி. அது இறைவனின் ஆற்றலே, வெளிப்படாமல் நின்று உயிரை வினைப்பயன்களில் ஈடுபடுத்திப் பக்குவமாக்கும் அருளே என்பது சித்தாந்தத்தின் முடிவு. மின்கலத்தோடு இணைந்த மேலாண்மைச் சுற்று, கலத்தின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கியதும் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. கூரை மேல் வெயில் கொட்டியும் மின்கலம் நிரம்பாதிருப்பதைக் காண்பவருக்கு அது மறுப்பாகத் தோன்றினாலும், பெற இயலாத நிலையில் பெற்றுக் கெட்டுப்போகாமல் அந்தக் கலத்தைக் காப்பது அந்தத் துண்டிப்புதான்.

இதற்கு அடுத்து நிகழ்வதுதான் இந்தச் சிந்தனையின் மையம். குளிர்நாடுகளுக்கென அமைக்கப்படும் மின்கலங்களில் வெப்பமூட்டும் மென்தகடு ஒன்று சுற்றப்பட்டிருக்கும். காலையில் சூரியத் தகட்டிலிருந்து வரும் முதல் மின்சாரம் கலத்துக்குள் செல்லாமல் அந்த மென்தகட்டுக்குச் சென்று, கலத்தை உறைநிலைக்கு மேலே வெதுவெதுப்பாக்கிய பிறகே மின்னேற்றம் தொடங்குகிறது. பக்குவத்தை உண்டாக்குவதும் பக்குவப்பட்டபின் நிறைப்பதும் ஒரே கதிரவனின் ஆற்றலே. வைணவத்தில் வடகலையார் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தென்கலையார் தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமையாக்கி, உயிரின் முயற்சி பெரிதா அருள் பெரிதா என்று நூற்றாண்டுகளாக வாதிட்டனர். மிஞ்சிய மின்னூட்டத்தைக் கொண்டு தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் கலமும் உண்டு, முற்றிலும் வெளிச்சூட்டை நம்பி நிற்கும் கலமும் உண்டு என்பதால், அந்த வாதத்தின் இரு பக்கங்களுக்கும் இங்கே இடம் இருக்கிறது. ஆயினும் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் கலம் செலவிடுவதும் முன்பு கதிரவன் தந்ததுதான் என்பதை மறுக்க இயலாது.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. மின்கலம் சடம், உயிர் அறிவும் விருப்பும் உடையது. கதிரவனுக்கு நோக்கம் இல்லை. அருள் உயிரின் நலம் கருதியது என்பதே சமயத்தின் உறுதி. ஆகவே மின்கலத்தைக் கொண்டு அருளை மெய்ப்பிக்க முடியாது. பெறும் ஆற்றல் என்பது பெறுபவரின் தனிச்சொத்து என்ற எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்த மட்டும் அது போதும்.

அந்த எண்ணம் பிழையானது என்பதை உடலின் இயல்பும் காட்டுகிறது. பிரெஞ்சு ஆட்சி 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை இன்று கோரிமேட்டில் இயங்குகிறது. இத்தகைய மருத்துவமனைகளின் குழந்தைநலப் பிரிவுகளில் பின்பற்றப்படுவதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறியின்படி, கடுமையான ஊட்டக்குறைவோடு வரும் குழந்தைக்கு உடனே முழு உணவு தரக்கூடாது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருப்பதையும் உடல் குளிர்ந்திருப்பதையும் முதலில் சரிசெய்து, நீர்த்த பாலுணவைச் சிறு அளவில் அடிக்கடி தந்து, உடல் தேறிய பின்னரே செறிவான உணவுக்கு மாற வேண்டும். நெடுநாள் பட்டினியில் கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்தக் குழந்தைக்கு உண்ணும் பக்குவம் இல்லை என்று எந்த மருத்துவரும் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. அந்தப் பக்குவத்தை உண்டாக்குவதே சிகிச்சையின் முதற்படி.

சமய வரலாற்றிலோ பக்குவம் என்ற கருத்து பல நேரங்களில் கதவை அடைக்கும் தாழாகப் பயன்பட்டிருக்கிறது. பிறப்பைக் காட்டி, இன்னார் ஓதத் தகுதியற்றவர், இன்னார் கோயிலுக்குள் நுழையத் தகுதியற்றவர் என்று விலக்கியவர்கள், தகுதியின்மையைத் தாங்களே உண்டாக்கிக் காத்து வந்தனர் என்பதை மறந்தனர். சைவ மரபே இதற்கு ஒரு மறுமொழியைப் போற்றி வைத்திருக்கிறது. சித்தாந்த ஆசிரியர்களான சந்தான குரவர் நால்வருள் நான்காமவரும் தில்லையின் அருகே 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவருமான உமாபதி சிவாசாரியர், விறகு கொண்டுவரும் பெற்றான் சாம்பான் என்னும் தாழ்த்தப்பட்டவருக்குத் தீக்கை அளித்து முத்தி நல்கினார் என்றும், அதை ஐயுற்ற அரசன் முன்னிலையில் ஒரு முள்ளிச் செடிக்கும் அவ்வாறே அருளினார் என்றும் அம்மரபு கூறுகிறது. முள்ளிச் செடிக்கும் உரியது என்று சொல்லப்பட்ட அருளை ஒரு மனிதருக்கு மறுக்க எந்த நூலும் ஆதாரமாக முடியாது.

இந்தக் கருத்தைக் கதையாக விட்டுவிடாமல் வாழ்வின் ஒழுங்காக அமைத்தவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். வடலூரில் அவர் 1872-இல் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் சோதியை மறைத்து நிற்கின்றன. தைப்பூசத்தன்று அவை விலக்கப்பட்டு ஒளி முழுமையாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்தச் சபைக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1867 மே 23-ஆம் நாள், பசித்தவர்க்கு உணவிடும் தருமச்சாலையை அவர் தொடங்கிவிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. பசியில் அறிவு மயங்கி உள்ளத்தின் விளக்கம் மங்குகிறது என்று உணர்ந்து எழுதிய அவர், ஒளியைக் காட்டுவதற்கு முன் அதைக் காணும் நிலையை ஊட்டி வளர்க்க வேண்டும் என்ற வரிசையைத் தம் செயலால் நிலைநாட்டினார். சபையின் திரைகள் மறைத்தலின் பொருளை உணர்த்துகின்றன என்றால், சாலையின் அடுப்பு அந்த மறைப்பு நீங்குவதற்கு மனிதர் செய்ய வேண்டியதை உணர்த்துகிறது.

ஆகவே பக்குவம் என்பது அருளைப் பெறுவதற்கு உயிர் தனியே ஈட்டிக் கொண்டுவர வேண்டிய விலை அன்று. அதுவும் அருளின் முதற்பகுதியே, அந்த முதற்பகுதி பெரும்பாலும் மற்ற மனிதர்களின் கைகள் வழியாகவே வந்து சேர்கிறது. இன்னொருவருக்குக் கல்வியோ வழிபாடோ ஞானமோ ஏற்கும் பக்குவம் இல்லை என்று தீர்ப்புச் சொல்பவர், அதைச் சொன்ன கணத்திலேயே அந்தப் பக்குவத்துக்கு வேண்டிய வெதுவெதுப்பை அளிக்கும் கடமையையும் தம்மீது ஏற்றிக்கொள்கிறார். அந்தக் கடமையை நிறைவேற்றாதவரை அத்தீர்ப்பைச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.