முற்றிய மூங்கில்

பல்லடம் என்றால் இன்று பலருக்கு விசைத்தறியும் கோழிப் பண்ணையும் நினைவுக்கு வரும். இசை அறிந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு புல்லாங்குழல். பல்லடம் சஞ்சீவ ராவ் 1882-ல் பிறந்து 1962-ல் மறைந்தவர். 1943-ல் சங்கீத கலாநிதி ஆனவர். அவருடைய குரு, கண்பார்வை இல்லாத சரப சாஸ்திரி. குருவுக்கு வாய்த்த ஆயுள் குறைவு. 1904-ல், 32 வயதளவில், அவர் மறைந்தார். ஆயினும் அவர் ஊதிக் காட்டிய வழி சீடரின் விரல்களில் மேலும் 58 ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

கற்பித்தல் என்றால் நாம் இப்படித்தான் எண்ணுகிறோம். விதைத்தவன் போனாலும் பயிர் நிற்க வேண்டும். அதனால்தான் இளம்பிள்ளைகளைத் தேடிக் கற்பிக்கிறோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழியும் சொல்லி வைத்திருக்கிறோம். அப்படியானால், விளைச்சலுக்குக் காலம் இல்லாத இடத்தில் விதைப்பது அறியாமையா? எழுபது வயது மூதாட்டிக்குப் புதிதாக ஒரு பாட்டைக் கற்பிப்பதால் யாருக்கு என்ன பயன்?

இந்தக் கேள்வியை என் நண்பர் ஒருவரிடமே கேட்டேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், வாரம் இரண்டு மாலை, கோயில் திடலில் முதியவர்களைச் சேர்த்து வள்ளி கும்மிப் பாட்டுச் சொல்லித் தருகிறார். பதினைந்து பேர் வருவார்கள். நிற்க முடிந்தவர்கள் வட்டமாக நின்று அடி வைப்பார்கள். முடியாதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுவார்கள்.

அவர் என் கேள்விக்கு விடை சொல்லவில்லை. "சனிக்கிழமை வந்து பாருங்கள்" என்றார். போனேன்.

முதலில் அவருடைய பொறுமையைக் கண்டேன். முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. வாழ்நாளைத் தறிச் சத்தத்தில் கழித்தவர்களுக்கு அந்த இழப்பு இன்னும் மிகுதி. வயதாக ஆகப் பெண்களின் குரல் தாழ்கிறது. ஆண்களின் குரல் சற்று ஏறுகிறது. இவை எல்லாம் தெரிந்து அவர் சுருதியை இறக்கி வைத்துக்கொள்கிறார். வாயசைவு எல்லாருக்கும் தெரியும்படி நின்று பாடுகிறார். சென்ற வாரம் சொல்லித் தந்ததைப் பாதிப் பேர் மறந்திருந்தார்கள். அவர் முகம் சுளிக்காமல் முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

பிறகு நடந்ததுதான் என் கண்ணைத் திறந்தது. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடம் வந்தது. நண்பர் 'ஆலோலம்' என்று இனிமையாக இழுத்தார். திண்ணையில் இருந்த ஒரு பாட்டி சிரித்துவிட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, இப்படிக் கூப்பிட்டா ஒரு குருவியும் எந்திரிக்காதுங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. சிறு வயதில் சோளக்காட்டில் பரண்மேல் நின்று கூவியதைக் கூவிக் காட்டினார். பல் இல்லாத வாயிலிருந்து வந்த அந்தக் குரலுக்குத் திடல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நண்பர் கைகூப்பினார். "இனிமேல் அந்த அடி உங்களுடையது, ஆத்தா" என்றார்.

குழந்தைக்கு வள்ளியின் கதையைச் சொன்னால் அது கதை. இவர்களுக்கு அது வாழ்ந்து முடித்த ஒன்று. காவல், காத்திருப்பு, பிரிவு எல்லாவற்றையும் பட்டு அறிந்தவர்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தது பாட்டு மட்டும்தான். புல்லாங்குழல் செய்கிறவர் இளமூங்கிலைத் தேடுவதில்லை. முற்றிக் காய்ந்த மூங்கிலைத்தான் எடுக்கிறார். பழமொழி வளைவதைப் பற்றிப் பேசுகிறது. ஒலிப்பது வேறு.

உலகில் வேறு இடங்களிலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் ராய் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 1991-ல் முதியவர்களுக்கென்றே ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். அதற்குமுன் வாத்தியத்தையே தொட்டிராதவர்களையும் சேர்த்துக்கொண்டார். நம் கோவைச் சீமையிலோ, ஆண்களின் ஆட்டமாக இருந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்தவர் பத்ரப்பன். 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. 'இது உனக்கு இல்லை' என்று வழக்கம் சொல்லி வைத்தவர்களிடம் 'உனக்கும்தான்' என்று சொல்வதும் ஆசிரியரின் தொழில் அல்லவா?

"ஆனாலும், இந்த நேரத்தைச் சிறுவர்களுக்குக் கொடுத்திருந்தால்?" என்று நண்பரை விடாமல் கேட்டேன்.

பேரப்பிள்ளைகள் திடலின் ஓரத்தில் நின்று கேட்டே பாட்டைப் பாடமாக்கிவிட்டதை அவர் காட்டியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அதைக் காரணமாகச் சொன்னால் பழைய கணக்குக்கே திரும்பிவிடுவோம். முதியவர்கள் மறுபடியும் வெறும் பாலமாகிவிடுவார்கள். நண்பர் வேறொன்று சொன்னார்.

"முப்பது ஆண்டு பள்ளியில் கற்பித்தேன். அங்கே பிள்ளைகளும் தேர்வை நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட நாங்கள் இருவரும் பாடத்தில் இருந்ததில்லை. இங்கே இருக்கிறோம்."

இந்தச் சொல் என்னை உறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்குமுன் எங்கள் ஊரிலும் கும்மி பழக்கினார்கள். என் தாயார் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப்பின் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நானும் போய்க் கத்துக்கட்டுமா கண்ணு?" நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "பனி கொட்டுது, முழங்கால் வேறு வலிக்கிறது என்கிறீர்கள். இந்த வயதில் எதற்கம்மா?" என்றேன். அன்பினால்தான் சொன்னேன் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அவர் மறுமுறை கேட்கவில்லை. இன்று அவர் இல்லை.

சாகும்வரை ஒருவன் கல்லாமல் இருப்பது ஏன் என்று வள்ளுவர் கேட்கிறார். கல்லாதவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்றே நான் எண்ணியிருந்தேன். கற்க வந்தவரைத் திருப்பி அனுப்பியவனையும் அது கேட்கிறது. 'எதற்கு?' என்று நான் கேட்டபோது, பயன்பட்டு முடிந்த ஒரு பொருளாக என் தாயாரைக் கணக்கிட்டுவிட்டேன். அந்தச் சொல்லில் இருந்த அன்பு அந்தக் கணக்கை மறைக்கத்தான் உதவியது.

கும்மிக் கதையில் முருகனே கிழவனாக வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்கிறான். வள்ளி 'இந்த வயதில் எதற்கு?' என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்று மாலை நான் புறப்பட எழுந்தபோது, அந்தப் பாட்டி என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் வந்து நில்லுங்க. சும்மா பாத்துட்டே இருந்தா எப்படி?" என்றார். நின்றேன். என் கைதட்டல் தாளத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நண்பர் என் எதிரே வந்து நின்று, முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.