யார் வாயில் பழகுவது?

"எனக்கு இதுல பழக்கம் இல்லீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." மூளை முடக்குவாதம் உள்ள மகனையோ ஆட்டிசம் உள்ள மகளையோ பல்வலியோடு கூட்டிக்கொண்டு அலையும் பெற்றோருக்கு இந்தப் பதில் புதிதல்ல. சொல்கிற பல் மருத்துவர் கொடியவரும் அல்லர். பெரும்பாலும் அவர் உண்மையைத்தான் சொல்கிறார். தலை தன்னிச்சையாக அசைந்துகொண்டே இருக்கும் ஒருவரின் வாயில், சுழலும் கருவியை எப்படி வைப்பது என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதை மருத்துவ அறம் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மருத்துவர் இப்படிச் சொன்னால் அது நேர்மை. ஊரில் இருக்கிற மருத்துவர்கள் எல்லாரும் இதையே சொன்னால், ஒவ்வொருவரும் நேர்மையாக நடந்துகொண்ட பிறகும் ஒரு மனிதர் சீழ் கட்டிய பல்லோடு வீடு திரும்புகிறார். இந்த அநீதிக்குப் பொறுப்பானவரைக் கிளினிக்கில் தேடிப் பயனில்லை. அந்த மருத்துவர் மாணவராக இருந்த ஆண்டுகளுக்குப் போய், கல்லூரியில் தேட வேண்டும். ஒரு திறமையைச் சொல்லிக்கொடுக்காமலே பட்டம் கொடுக்கலாம் என்று அங்கே யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவைத்தான் அறத்தின் முன் நிறுத்த வேண்டும்.

அமெரிக்காவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அங்கே 1990இல் வந்தது. 1994இல் மெயின் மாநிலத்தில், எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒரு பெண்ணின் சொத்தைப் பல்லைத் தன் கிளினிக்கில் அடைக்க ஒரு பல் மருத்துவர் மறுத்தார். மருத்துவமனைக்கு வந்தால் செய்கிறேன், மருத்துவமனைச் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்றார். பிராக்டன் எதிர் அபாட் என்று அறியப்படும் அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நோய் அறிகுறி வெளியே தெரியாத எச்.ஐ.வி. தொற்றும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று 1998இல் தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிமன்றத்தால் மறுப்பைத்தான் தடுக்க முடியும், பயிற்சியைத் தர முடியாது. 2018இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், குறைபாட்டைக் காரணம் காட்டி யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று தன் நெறிமுறையில் சேர்த்தது. கூடவே, தேவையான திறமையோ கருவியோ இல்லாத மருத்துவர் வேறு ஒருவரிடம் அனுப்பலாம் என்ற இடமும் அதில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் தெரியாதவர் கையிலேயே நோயாளி சிக்கிக்கொள்வார். ஆனால் எவருக்கும் திறமை இல்லாத ஊரில் இந்தச் சலுகை முழு விதியையுமே விழுங்கிவிடும்.

அந்த ஓட்டையை அடைக்கிற வேலை கல்லூரியுடையது. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஆணையம், சிறப்புத் தேவை உள்ள நோயாளிகளைப் பற்றிய தரவிதியை 2004இல் கொண்டுவந்தது. பட்டதாரி அவர்களுக்கு என்ன சிகிச்சை தேவை என்று மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டும் என்றது அந்த விதி. சிகிச்சை தரத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாயைப் பார்த்து, குறித்துக்கொண்டு, வேறு இடத்துக்கு அனுப்பினாலே தேர்ச்சி. 2019இல் அந்த விதி திருத்தப்பட்டு, 2020 ஜூலை முதல் சிகிச்சையைக் கையாளும் திறமையும் கட்டாயமானது. இடையில் போன பதினைந்து ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் தொழில் செய்வார்கள்.

இந்தியாவில் சட்டம் பின்தங்கி இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மருத்துவமனைகளில் தடையற்ற அணுகலும் சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவர்களின் படிப்பில் இந்தப் பொருள் இடம்பெற வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். ஆனால் பல் மருத்துவப் படிப்பில் இவர்களைப் பற்றிய பாடம் பெரும்பாலும் குழந்தைகள் பல் மருத்துவத் துறையின் பொறுப்பில் விடப்படுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையும் ஒருநாள் நாற்பது வயதை எட்டும். அப்போது அவர் எந்தத் துறையின் வாசலில் நிற்பது?

இதற்கெல்லாம் தனி நிபுணர்கள் இருக்கட்டுமே என்ற வாதம் உண்டு. பிரிட்டனில் 2008இல் இதைத் தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகரித்தார்கள். பொது மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய வேண்டியவர்கள், பல நோய்கள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பவர்கள் ஆகியோருக்கு நிபுணர் வேண்டும்தான். ஆனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வேண்டியது ஸ்கேலிங், ஒரு ஃபில்லிங், ஈறு வீக்கத்துக்கு வைத்தியம். பல்லில் இருக்கும் நோய் எல்லாருக்கும் வருகிற அதே நோய்தான். வேறுபடுவது அந்தப் பல்லை நெருங்கும் வழி. அந்த வழியில் தெரிந்துகொள்ள வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும் என்பதால், பல் பிடுங்கும் முன் அதை விசாரித்தாக வேண்டும். வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறவரின் ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரலாம். முதுகுத்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலே ரத்த அழுத்தம் திடீரென்று எகிறக்கூடும் என்பதால், சிகிச்சைக்கு முன் அதைக் கவனிக்க வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து பல் மருத்துவ நாற்காலிக்கு ஒருவரைப் பலகை வைத்து நகர்த்தவும், அவர் விரும்பினால் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவரிடம் முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பேச வேண்டும். பார்வையில்லாதவரின் வாயைத் தொடுமுன் தொடப்போவதைச் சொல்ல வேண்டும். பேச முடியாதவர் சாப்பாட்டை ஒதுக்கினாலோ கன்னத்தில் அடித்துக்கொண்டாலோ அதை 'அவங்க சுபாவம்' என்று தள்ளாமல் பல்வலியாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். இவற்றில் நிபுணர் பட்டம் தேவைப்படுவது எது?

ஆகவே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. உண்மையான அறச் சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. யார் வாயில் பழகுவது?

பல் மருத்துவ மாணவர் முதலில் பழகுவது பொம்மைத் தலையில். அது வாயைத் திறந்தபடியே இருக்கும். எச்சில் ஊறாது, நாக்கு தள்ளாது, பயப்படாது. அங்கிருந்து மனிதரிடம் வரும்போது முதல் நோயாளிகளாக அமைகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். குறைந்த கட்டணத்துக்காகக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்கள். கற்றுக்குட்டிக் கைகளின் நடுக்கத்தை அவர்கள் ஏற்கெனவே சுமக்கிறார்கள். இப்போது தன் மறுப்பைச் சொல்லவே சிரமப்படும் ஒருவரையும் அந்த வரிசையில் நிறுத்துவது நியாயமா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் இதற்குப் பதிலாக மாற்றுத்திறனாளிகளைப் பயிற்சிக் கூடத்திலிருந்தே விலக்கி வைத்தால், பாதுகாப்பு என்ற பெயரில் வாழ்நாள் முழுவதும் பழகாத கைகளிடமே அவர்களை விட்டுவிடுகிறோம். மேற்பார்வை இல்லாத கிளினிக்கில், தனியாக, முதல்முறையாக ஒருவர் முயல்வதைவிட, அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது முயல்வது எந்த நோயாளிக்கும் மேல். எனவே பயிற்சியை நியாயப்படுத்த முடியும், ஆனால் நிபந்தனைகளோடுதான். செய்யப்போகிற சிகிச்சை அந்த நோயாளிக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். செய்கிறவர் மாணவர் என்று அவரிடமே, அவருக்குப் புரியும் விதத்தில் சொல்லியிருக்க வேண்டும். கூட வந்தவரிடம் மட்டும் சொன்னால் போதாது. வேண்டாம் என்று அவர் காட்டும் எந்த அடையாளத்தையும் பேச்சுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிபந்தனைகளைக் கல்லூரியின் அன்றாடமே உடைக்கும் ஆபத்து இருக்கிறது. மாணவர்கள் 'கோட்டா' என்று சொல்கிற கணக்கு அது: இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை ஃபில்லிங், இத்தனை செயற்கைப் பல்செட். எண்ணிக்கை முடியாமல் தேர்வுக்குப் போக முடியாது. ஆட்டிசம் உள்ள ஒருவர் முதல் வருகையில் அறைக்குள் வந்து, நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டாம் வருகையில் உட்காரலாம். மூன்றாம் முறை சிறு கண்ணாடியை வாய்க்குள் அனுமதிக்கலாம். 'சொல், காட்டு, செய்' என்ற பழைய முறையே இந்தப் பொறுமையில்தான் நிற்கிறது. மூன்று வருகைகள், கோட்டாவில் பூஜ்யம். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, கருணை வேண்டும் என்று வகுப்பில் சொற்பொழிவு ஆற்றுவதில் பொருளில்லை. நாற்காலியில் உட்காரவைத்ததே ஒரு வேலையாக எண்ணப்பட வேண்டும், மதிப்பெண் பெற வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது போன்ற பயிற்சிகளும் இந்த இடத்தை நிரப்பாது. அவை பரிதாபத்தை வளர்க்கும், கையைப் பழக்காது. அந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் வாழ்கிற ஒருவரை, ஊதியம் கொடுத்து, ஆசிரியராக அழைக்கலாம். தன்னை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்பதிலும் கல்லூரியின் பழக்கம் பின்னாளில் எதிரொலிக்கும். ஒத்துழைக்க முடியாதவருக்கு ரூட் கெனால் கடினம் என்பதால் பல்லை எடுத்துவிடுவது எளிய வழியாகிவிடுகிறது. ஆனால் எடுத்த இடத்தில் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொருத்தி வாழ, தசைக் கட்டுப்பாடு இல்லாத ஒருவரால் பல சமயம் முடியாது. மற்றவருக்கு ஒரு பல் போவதைவிட இவருக்குப் போவது பெரிய இழப்பு. எளிதாக இருக்கிறது என்பதற்காக எடுக்கப்பட்ட ஒவ்வொரு பல்லுக்கும் மாணவர் காரணம் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஒரு துறை வைத்தால், அது கடுமை அல்ல.

எல்லாவற்றிலும் கடினமானது, பிடித்து அழுத்துவது. "கையைப் பிடிச்சுக்கோங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்ற குரல் பல் மருத்துவத்தில் பழையது. அடக்கி வைப்பதை முற்றிலும் தவிர்க்க முடியும் என்று சொல்வது பொய். அடிபட்டு ரத்தம் கொட்டும் வாயோடு வந்தவரிடம் மூன்று வருகைகளுக்குக் காத்திருக்க முடியாது. ஆனால் வாராவாரம் வரும் வழக்கமான சிகிச்சையில் அது நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியாகிவிட்டால், அந்த நோயாளி இனி எந்த வெள்ளைக் கோட்டையும் நம்பமாட்டார், அடுத்த மருத்துவரின் வேலையும் இரட்டிப்பாகும். மாணவர் எதை முதலில் கற்கிறார் என்பது இங்கே தீர்மானிக்கும். அழுத்திப் பிடிப்பதை முதலில் பார்த்தவருக்குக் காத்திருப்பது வீண் வேலையாகத் தெரியும். காத்திருப்பதை முதலில் கற்றவர் பிடிக்க நேரும்போது தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் கல்லூரி காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் பிடிக்கச் சொல்லும்போது, அவசரம் இல்லாத சிகிச்சை என்றால், 'நிறுத்திவிட்டு இன்னொரு நாள் முயலலாமா' என்று கேட்கும் உரிமை மாணவருக்கு விதியாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும், கேட்டதற்காக அவர் மதிப்பெண் குறையாது என்ற உறுதியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.