நாளை வருவார் என்னும் சொல்

பொருள் தேடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களைச் 'சபராளிகள்' என்றே நம் ஊர்கள் அழைத்தன. 1970களில் அந்தச் சபர் வளைகுடாவை நோக்கித் திரும்பிற்று. சென்றவரின் துயரைப் பேசியிருக்கிறோம். காத்திருக்கும் மனைவியின் துயரையும் ஓரளவு பேசியிருக்கிறோம். "வாப்பா எப்ப வருவாக?" என்று கேட்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாம் சொல்லும் மறுமொழியைத்தான் எவரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

"நாளைக்கு வந்துருவாக" என்கிறோம். ஒப்பந்தமோ இரண்டாண்டு! அழுகையை அமர்த்தச் சொல்லும் சொல்தானே, இதிலென்ன பாவம் என்று கேட்கலாம்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லி அவருடைய தாயார் அவரை அழைத்தார். அவ்வீட்டிலிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன தர எண்ணினாய் என வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்னும் கருத்துப்பட அண்ணலார் அருளினார்கள். பிள்ளையை ஆசைகாட்டி அழைத்ததை அவர்கள் குறைகூறவில்லை. தருவதற்கு என்ன இருக்கிறது என்றே கேட்டார்கள்.

போரிலும், பிணங்கியோரை இணக்குவதிலும், கணவன் மனைவியரிடையேயும் பேச்சில் சற்று இடமளிக்கும் ஹதீஸைச் சிலர் காட்டக்கூடும். அச்சலுகையைக் கியாஸ் செய்து பிள்ளைக்கும் நீட்டலாகாதா? ஆகாது என்பதே நம் எண்ணம். பிணக்குத் தீர்ந்தால் அந்தச் சொல்லின் வேலையும் தீர்ந்தது. இங்கோ மறுநாள் விடிகிறது, வாப்பா வரவில்லை. மீண்டும் அதே சொல். சொன்னவர்கள் உம்மாவும் வீட்டுப் பெரியவர்களும். சொல் தவறியவராகப் பிள்ளை நினைப்பதோ, எங்கோ வெயிலில் உழைத்துக்கொண்டிருக்கும் தந்தையை. அவர் அறியாமலே அவர் பேரில் ஏறும் கடன் இது.

ஆண்டுக் கணக்கை அவ்வயது அறியாது. ஆயினும் நோன்பு வருவதையும், பெருநாளன்று புத்தாடை உடுப்பதையும் அறியும். "இன்னும் ரெண்டு நோன்புப் பெருநாள் போகணும்" என்று சொல்லிவிடலாம். அன்றிரவு பிள்ளை அழும். அழட்டும், அருகில் படுத்து அணைத்துக்கொள்வோம். யூசுபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போனதைக் குர்ஆன் மறைக்கவில்லை. ஒரு குழந்தையின் கண்ணீரை நிறுத்துவதற்கு நமக்கேன் இத்தனை அவசரம்?

தொலைபேசியில் முகம் காட்டும் தந்தையும் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லாதிருக்கட்டும். பணம் அனுப்பிய நாளை மனைவியிடம் உள்ளபடி சொல்வதுபோல, விடுப்புக் கிடைக்கும் மாதத்தைப் பிள்ளையிடமும் உள்ளபடி சொல்லட்டும்.